இரைச்சல் எந்த வழியாக வருகிறது?

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு, இரவு உணவு முடிந்தபின் வானொலிப் பெட்டியின் முள்ளை மெல்லத் திருப்பித் தொலைவிலுள்ள தமிழ் நிலையம் ஒன்றைப் பிடித்துக் கேட்பதில் உண்டாகும் மகிழ்ச்சி தனியானது. அந்தக் குரலின்மேல் வண்டு குடைவதைப் போன்ற இரைச்சல் கவிந்துகொண்டால் உண்டாகும் எரிச்சலும் தனியானதே. முற்காலத்தில் இதற்கு இடியையும் மின்னலையும் காரணம் சொன்னோம். இக்காலத்திலோ காரணம் பெரும்பாலும் வானத்தில் இல்லை. நம் வீட்டு மேசைமேலேயே இருக்கிறது. கணிப்பொறியும், அதனுள்ளே இருக்கும் தாய்ப்பலகையும் எழுப்பும் மின் இரைச்சலைப் பற்றியே இன்று ஆராய்வோம். தாய்ப்பலகை என்பது கடைவீதியில் மதர்போர்டு என்று வழங்குவதே.

பெங்களூரில் 1809-ஆம் ஆண்டு பாளையம் அமைந்தது முதல், தண்டு என்று நம்மவர் சொல்லும் அப்பகுதியில் தமிழர் நெருங்கி வாழ்ந்து வருகின்றனர். அதன் ஒரு பகுதியே காக்ஸ் டவுன். காவிரியின் சிவசமுத்திர அருவியில் பிறந்த மின்சாரம் 1902-இல் கோலார் தங்கவயலுக்குச் சென்றது; 1905-இல் பெங்களூர் நகருக்கு வந்தது. ஆகவே இங்குள்ள பழைய வீடுகளில் மின்கம்பிகளும் பல தலைமுறை கண்டவை. ஒரு விளக்குக்கும் ஒரு விசிறிக்கும் போட்ட இணைப்பில் இன்று பத்துக் கருவிகள் தொங்குகின்றன. இதனை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்; பின்னர் இவ்விஷயத்துக்கே திரும்பி வருவோம்.

காக்ஸ் டவுனில் அத்தகைய வாடகை வீடு ஒன்றையும், அதில் வாழும் தாயையும் மகனையும் மனத்தில் வைத்துக்கொள்வோம். மகனுக்கு வீட்டிலிருந்தே கணிப்பொறி வேலை. தாய்க்கு வானொலியே துணை. "டேய், நீ அந்தப் பெட்டியைப் போட்டதுமே என் ரேடியோ கத்த ஆரம்பித்துவிடுகிறது" என்பது தாயின் குறை. "எனக்கும் அப்படித்தான் அம்மா, ஹெட்போனை மாட்டினால் கீச்சென்று காதைத் துளைக்கிறது. மௌஸை நகர்த்தினால் அந்தச் சத்தமும் கூடவே நகர்கிறது" என்பது மகனின் குறை. அவனுடைய நண்பர் ஒருவர், மதர்போர்டையே மாற்றிவிடு என்றார். மற்றொருவர், பிளக்கில் மேலே இருக்கும் பெரிய முள்ளை, அதாவது எர்த் முள்ளை, எடுத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும் என்றார். முதல் யோசனை பணத்துக்குக் கேடு. இரண்டாவது உயிருக்கே கேடு. இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டுக் காரணத்தைத் தேடுவோம்.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் 230 வோல்ட்டு. விநாடிக்கு நூறு முறை திசை மாறுவது. கணிப்பொறியின் பின்புறத்தில் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்னும் இரும்புப் பெட்டி இதை 12 வோல்ட்டு முதலிய சிறு அளவுகளாக மாற்றித் தருகிறது. கணிப்பொறியின் மூளையாகிய பிராசஸருக்கோ ஏறத்தாழ ஒரு வோல்ட்டே போதும். ஆனால் பத்துக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். 12-ஐ ஒன்றாகக் குறைக்கும் வேலையைத் தாய்ப்பலகையின்மீதுள்ள சிறு சுருள்களும் மின் விசைகளும் செய்கின்றன.

எப்படிக் குறைக்கின்றன? வாய்க்காலில் நிறைய நீர் வருகிறது. வயலுக்குக் கொஞ்சமே வேண்டும். மடையைத் திறந்து திறந்து மூடினால் சராசரியாக வேண்டிய அளவு வயலுக்குப் பாயும் அல்லவா? தாய்ப்பலகையும் இதைத்தான் செய்கிறது. விநாடிக்குப் பல லட்சம் முறை மடையைத் திறந்து மூடுகிறது. மடையைப் படாரென்று மூடும்போது வாய்க்காலில் பின்னோக்கி ஓர் அலை எழுமே, அதைப் போன்றதே மின் இரைச்சல். மௌஸை நகர்த்தினால் பிராசஸருக்கு வேலை கூடுகிறது; அது குடிக்கும் மின்னோட்டம் மாறுகிறது; அலையின் சுருதியும் மாறுகிறது. மகன் கேட்ட கீச்சொலியின் மர்மம் இதுவே.

தாயின் வானொலியில் ஏன் விழுகிறது? எஸ்.எம்.பி.எஸ். ஒன்று விநாடிக்கு 65 ஆயிரம் முறை, அதாவது 65 கிலோஹெர்ட்ஸில், மடையைத் தட்டுவதாகக் கொள்வோம். அந்தத் தட்டுதலின் மடங்குகளிலும் இரைச்சல் எழும். பத்தாம் மடங்கு 650; பதினோராம் மடங்கு 715; பன்னிரண்டாம் மடங்கு 780. மத்திய அலை வரிசை 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை ஆதலால், இவை யாவும் அதற்குள்ளேயே வந்து விழுகின்றன. உள்ளூர் நிலையத்தின் அலை வலிமை மிக்கது, இரைச்சலை அமுக்கிவிடும். தொலைவூர் நிலையத்தின் அலை மெலிந்து வருவது. இரைச்சல் அதை அமுக்கிவிடும். அயலூரில் இருக்கும் நமக்கே இத்தொல்லை மிகுதியாக இருப்பதன் காரணம் இதுதான்.

இரைச்சல் பெட்டியைவிட்டு வெளியே வருவதற்கு மூன்று வழிகள் உண்டு. வான் வழி ஒன்று. கம்பி வழி ஒன்று. எர்த் என்னும் மண் வழி ஒன்று. எந்த வழி என்று அறிந்துவிட்டால் பாதி நோய் தீர்ந்தது. அறிவதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமை போதும்.

அப்பொறுமைக்கு உலகப் புகழ்பெற்ற சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கார்ல் ஜான்ஸ்கி என்பவர், தொலைபேசிக்கு உதவும் வானொலி அலைகளில் கலக்கும் இரைச்சலின் மூலத்தைத் தேடுமாறு பணிக்கப்பட்டார். சுழலும் ஏரியல் ஒன்றை அமைத்துத் திசை திசையாகக் கேட்டார். அருகிலுள்ள இடி, தொலைவிலுள்ள இடி என்று இரண்டைப் பிரித்தபின், மூன்றாவதாக மெல்லிய சீறல் ஒன்று மிஞ்சியது. அது பூமியிலிருந்து வருவதன்று, நம் பால்வீதி மண்டலத்திலிருந்து வருவது என்று 1933-இல் வெளியிட்டார். வானொலி வானியல் என்னும் துறை இவ்வாறு பிறந்தது. நாம் பால்வீதிவரை போகவேண்டியதில்லை. மேசையைச் சுற்றி வந்தால் போதும்.

முதலில் வான் வழி. பாட்டரியில் ஓடும் சிறு டிரான்ஸிஸ்டர் ஒன்றை எடுத்து, மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத வெற்றிடத்தில் முள்ளை வைத்து, வீட்டுக்குள் நடந்து பாருங்கள். இரைச்சல் எங்கே ஓங்குகிறதோ அங்கே குற்றவாளி இருக்கிறது. டிரான்ஸிஸ்டருக்குள் ஏரியலாக ஒரு கரிய பெரைட் தண்டு கிடக்கிறது. அதன் முனை இரைச்சலின் பக்கம் நேராகத் திரும்பும்போது சத்தம் மிகவும் குறையும். இவ்வாறு திசையையும் அறியலாம். குறை சொன்ன வானொலியே துப்பறிவாளராகவும் பயன்படுகிறது! குற்றம் கணிப்பொறியினுடையதே என்று முன்கூட்டி முடிவு கட்டிவிட வேண்டாம். மலிவான எல்.இ.டி. பல்பும் கைப்பேசி சார்ஜரும் இதே மடை வேலையைச் செய்பவையே. வீட்டின் மெயினை அணைத்தபின்னும் பாட்டரி வானொலியில் இரைச்சல் இருக்குமாயின், மூலம் அடுத்த வீட்டிலோ தெருவிலோ இருக்கிறது. வான் வழி வருவதற்குப் பரிகாரம் எளிது: வானொலியைச் சில அடி தள்ளி வைப்பதும், திருப்பி வைப்பதும், கணிப்பொறியின் கழற்றிய பக்கத் தகட்டை மீண்டும் மூடுவதுமே.

அடுத்தது கம்பி வழி. ஸ்பீக்கரின் சத்தத்தை முழுதும் குறைத்துப் பாருங்கள். அப்போதும் இரைந்தால் குறை ஸ்பீக்கரிலோ அதன் அடாப்டரிலோ உள்ளது; தாய்ப்பலகையைக் குறை கூறுவது வீண். சத்தத்தைக் குறைத்ததும் இரைச்சலும் குறைந்தால், கணிப்பொறியில் செருகிய ஒலிக் கம்பியை உருவிப் பாருங்கள். உருவியதும் ஓய்ந்தால் இரைச்சல் கணிப்பொறியின் பக்கமிருந்தே வருகிறது. ஹெட்போனை முன்பக்கத் துளையிலிருந்து பின்பக்கத் துளைக்கு மாற்றிப் பாருங்கள். முன்பக்கத் துளைக்குச் செல்லும் மெல்லிய கம்பி தாய்ப்பலகையின் குறுக்கே ஓடுவதால் வழியெல்லாம் இரைச்சலைப் பொறுக்கிக்கொண்டு வருகிறது. பயன்படுத்தாத மைக் முதலிய வழிகளைக் கணிப்பொறியின் ஒலி அமைப்பில் அடைத்துவிடுங்கள். மைக்கின் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்டே ஆதலால் சிறிய இரைச்சலும் அதில் பெரிதாகிவிடும். இத்தனையும் செய்தும் தீராவிடில், யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய ஒலி அட்டை ஒன்றை எஸ்.பி. ரோட்டில் வாங்கி வரலாம். தாய்ப்பலகையை மாற்றும் செலவில் அது மிகச் சிறு பகுதியே ஆகும்.

ஸ்பீக்கர், ஹெட்போன் எல்லாவற்றையும் கழற்றியபின்னும் பெட்டிக்குள்ளிருந்து மெல்லிய சிணுங்கல் கேட்டால் அது வேறு. சுருள்கள் மின்னோட்டத்தின் விசையால் உண்மையிலேயே அதிர்கின்றன. அவ்வதிர்வின் ஓசை அது. காதுக்குத் தொல்லையேயன்றிப் பெரும்பாலும் கேடு இல்லை. ஆனால் பலகையிலுள்ள உருளை வடிவக் கண்டென்ஸர்களின் தலை உப்பியிருந்தால் அவற்றை மாற்றவேண்டியதே. அதைப் பழகியவரிடம் விடுங்கள். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்கலாகாது. பிளக்கைப் பிடுங்கியபின்னும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும்.

இனி மண் வழி. இதுவே மிக முக்கியமானது. எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாயிலில், இரைச்சலை வடிகட்டி எர்த்துக்கு அனுப்பும் சிறு கண்டென்ஸர்கள் உள்ளன. எர்த் சரியாக இருந்தால் இரைச்சல் அவ்வழியே வடிந்துவிடும். எர்த் இல்லாவிடில், வடிகால் அடைபட்ட நீர் வீட்டுக்குள் புகுவதுபோல, அது ஒலிக் கம்பியில் புகுந்து ஸ்பீக்கருக்கு வருகிறது. மேலும், அக்கண்டென்ஸர்கள் வழியாகவே கணிப்பொறியின் இரும்புப் பெட்டியில் ஏறத்தாழ 115 வோல்ட்டு நிற்கிறது. தொட்டால் சுரீரென்று மெல்ல உறுத்துவது இதனால்தான். அம்மின்னோட்டம் மிகச் சிறிதாகையால் அது எச்சரிக்கையோடு போய்விடுகிறது. ஆனால் உள்ளே ஒரு கம்பி அறுந்து பெட்டியில் பட்டால், அப்போது தொடுபவருக்கு எச்சரிக்கை கிடையாது; 230 வோல்ட்டு முழுமையும் உடலில் பாயும்.

சில வீடுகளில் எதிர்மாறான நிலையும் உண்டு. கணிப்பொறி ஒரு சுவரிலும் ஆம்பிளிபயர் மற்றொரு சுவரிலும் செருகப்பட்டிருந்தால், இரண்டின் எர்த்துக்கும் ஒலிக் கம்பிக்கும் இடையே ஒரு வளையம் உண்டாகி, "ம்ம்" என்ற கனத்த முழக்கம் எழும். எர்த் முள்ளை எடுத்தால் இம்முழக்கம் நிற்பது உண்மையே. அந்த நண்பரின் யோசனை இங்கிருந்துதான் பிறந்தது. ஆனால் சத்தத்தோடு காப்பும் போய்விடுகிறது. இரண்டையும் ஒரே பலகையில் செருகினாலே பலமுறை முழக்கம் ஓயும். ஓயாவிடில் ஒலிக் கம்பியின் நடுவே சிறு தனிப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் ஒன்றை இடலாம். அல்லது புளூடூத் வழியாக ஒலியை அனுப்பலாம். மடிக்கணினியாயின் சார்ஜரைப் பிடுங்கிப் பாட்டரியில் ஓட்டிப் பாருங்கள். முழக்கம் உடனே நின்றால் வழி எர்த்தும் சார்ஜருமே என்பது தெளிவு.

நாம் நினைத்துக்கொண்ட அந்தத் தாய்க்கும் மகனுக்கும் திரும்புவோம். டிரான்ஸிஸ்டரை எடுத்துக்கொண்டு நடந்தபோது, இரைச்சல் கணிப்பொறியைவிட மேசைக்கடியில் இருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியின் கம்பியருகே ஓங்கி ஒலித்தது. பெட்டியைத் தொட்டால் சுரீரென்கிறது என்று தாய் முன்பே சொல்லியிருந்தார், மகன் பொருட்படுத்தவில்லை. எலக்ட்ரீஷியனை அழைத்து அளந்தார்கள். சுவரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230-க்கு அருகில் காட்டியது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டே. ஆகச் சுவர் எர்த் நலமே. எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மூன்று துளைகள் இருந்தும் உள்ளே ஓடியது இரண்டு கம்பி மட்டுமே! மூன்று கம்பி ஓடும் பெட்டி ஒன்றை மாற்றினார்கள். உறுத்தல் போயிற்று. கீச்சொலி அடங்கிற்று. வானொலியைச் சன்னலோரம் மாற்றி வைத்தபின் தாயின் குறையும் பெரும்பாலும் தீர்ந்தது. தாய்ப்பலகை மாறவே இல்லை.

பழைய வீட்டில் குடியிருப்போர் எர்த்தை ஒருமுறையேனும் அளந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். வாடகை வீடாயினும் வீட்டுக்காரரிடம் இதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தியிருக்கிறதா என்பதையும் கேளுங்கள். காக்ஸ் டவுனில் வரும் எலக்ட்ரீஷியன் தமிழில் பேசினாலும் கன்னடத்தில் பேசினாலும் உருதுவில் பேசினாலும், "எர்த் இருக்கிறதா?" என்ற கேள்வி அவருக்கு விளங்கும்.

இன்றிரவு வானொலியில் இரைச்சல் கேட்டால் உடனே அணைத்துவிடாதீர்கள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டை ஒருமுறை சுற்றி வாருங்கள். நம் ஊர்க் குரலைத் தெளிவாகக் கேட்க வழி பிறக்கும். வீட்டிலுள்ளோரின் உயிருக்கு நேரவிருக்கும் ஆபத்து ஒன்றும் முன்னதாகவே தெரியவரலாம்.