வேலிக்கு அடியில் சுரங்கப் பாதை!



உங்கள் வீட்டு நாய் வேலிக்கு அடியில் மண்ணைப் பறித்து, அந்தப் பொந்து வழியாக வெளியே ஓடிவிடுகிறதா? எங்கள் ஆத்தூர்ப் பக்கம் தோட்டத்து வீடுகளில் இது அடிக்கடி நடக்கும் கூத்து. உடனே குச்சியைத் தூக்காதீர்கள். காரணம் இல்லாமல் நாய் தோண்டாது. காரணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

ஏன் தோண்டுகிறது?

வெயில்: நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பெரும்பாலும் பாதங்களில்தான் வியர்க்கும். நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் அது சூட்டைத் தணிக்கிறது. சித்திரை வெயிலில் மேல்மண் சுடும். கொஞ்சம் பறித்தால் அடிமண் குளுகுளு என்றிருக்கும். படுக்க அதுதான் மெத்தை!

வேட்டை: குச்சிக்கிழங்குக் காட்டை ஒட்டிய வேலியில் எலி, பெருச்சாளி வளைகள் இருக்கும். மோப்பம் பிடித்த நாய் சும்மா இருக்குமா? ஜெர்மனியில் வளைக்குள் புகுந்து வேட்டையாடவே டாக்ஸ்ஹுண்ட் என்ற குட்டைக்கால் நாயை வளர்த்தார்கள்.

தனிமை: நாள் முழுதும் பேச்சுத்துணை, விளையாட்டு இல்லாத நாய் வெளியே போக வழி தேடும்.

வெளியே போனால் என்ன ஆகும்?

சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் லாரிகள் பறக்கின்றன. நாய்க்கு சாலை விதி தெரியாது. வெறிநோய் கண்ட நாய் கடித்துவிட்டால் ஆபத்து நம் வீட்டுக்கும் வரும். எனவே தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தை சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடி விழுமோ என்று பயந்து மறைக்கவே கூடாது.

எப்படித் தடுப்பது?

1. பெரியவர்கள் துணையோடு, வேலியின் உட்புறம் ஓர் அடி அகலக் கம்பி வலையைத் தரையில் படுக்கவைத்து, ஒரு விளிம்பை வேலியோடு சேர்த்துக் கட்டுங்கள். கூரான முனைகளை மடக்கிவிட்டு, மேலே மண்ணும் கல்லும் போடுங்கள். வேலி ஓரம் பறிக்கும் நாய்க்குக் காலடியில் வலைதான் தட்டும்.

ஆஸ்திரேலியாவில் டிங்கோ என்னும் காட்டு நாய்களிடமிருந்து ஆடுகளைக் காக்க, சுமார் 5,600 கிலோமீட்டர் நீள வேலி இருக்கிறது. அங்கேயும் வலையை மண்ணுக்குள் இறக்கியிருக்கிறார்கள்!

2. நிழலும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும்.

3. வேப்பமர நிழலில் மணல் கொட்டி, அதில் பந்தைப் புதைத்து வையுங்கள். அங்கே தோண்டினால் தட்டிக்கொடுங்கள்.

4. காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து நடத்திச் செல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

குழியில் கண்ணாடித் துண்டு, முள், மிளகாய்ப் பொடி போடாதீர்கள். மின்கம்பி வைத்தால் மனித உயிரும் போகும். குட்டைச் சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

உங்களுக்கு ஒரு வேலை

நாய் எப்போது, எங்கே தோண்டுகிறது என்று ஒரு வாரம் நோட்டில் குறியுங்கள். உச்சிவேளை என்றால் வெயில். ஒரே வளையருகே என்றால் எலி. நீங்கள் பள்ளிக்குப் போனபின் என்றால், பாவம், அது உங்களைத் தேடுகிறது!