சுவரொட்டியும் வாக்குரிமையும்

எல்லைப்புறத்து நெசவாளர் சங்கம் ஒன்றின் தேர்தலை நடத்திவைக்க நாம் ஒருமுறை சென்றிருந்தோம். அறிவிப்பு, சங்கக் கட்டிடச் சுவரில் முறைப்படி ஒட்டப்பட்டிருந்தது. வேட்புமனுவுக்குரிய நாள் கழிந்த பின்னர், தெலுங்கு பேசும் மூத்த அங்கத்தினர் ஒருவர் வந்து, "ஐயா, மனுக் கொடுக்க எந்த நாள்?" என்று வினவினார். அவர் தமிழ் பேசுவார், படிக்க அறியார். விதிப்படி குறையொன்றுமில்லை. ஆயினும் அந்த அறிவிப்பில் கையொப்பமிட்ட நமக்கு விடை கூற நா எழவில்லை.

இக்குறையை நீக்க அமெரிக்க நாட்டார் கண்ட வழி அறியத்தக்கது. அங்கே பல மாநிலங்களில், எழுத்தறிவுச் சோதனையில் தேறினாலன்றி வாக்கில்லை என்ற நிலை இருந்தது. 1965-ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் அதனைச் சில பகுதிகளில் தடுத்தது. 1975-ஆம் ஆண்டுத் திருத்தம் நாடெங்கும் நிலையாக ஒழித்தது. ஸ்பானிய, ஆசிய, செவ்விந்திய, அலாஸ்கா மக்களின் மொழிகளுக்கு அத்திருத்தம் பாதுகாப்பும் அளித்தது. ஒரு வட்டாரத்தில் வாக்களிக்கும் வயதுடைய குடிமக்களுள் 100-க்கு 5 பேருக்கு மேல் அத்தகைய ஒரு மொழியினராய், ஆங்கிலம் போதிய அளவு அறியாதவராய் இருந்து, அவர்களிடையே கல்லாமை நாட்டின் சராசரியை விஞ்சியிருப்பின், அறிவிப்பு முதல் வாக்குச் சீட்டு வரை அனைத்தும் அவர்தம் மொழியிலும் தரப்படல் வேண்டும். 10,000 பேருக்கு மேல் இருப்பினும் போதும் என 1992-இல் விதி விரிந்தது. 2006-இல் இவ்வேற்பாடு 2032 வரை நீட்டிக்கப்பட்டது. எழுத்து வழக்கில்லாத செவ்விந்திய மொழிகளாயின், வாய்மொழியாக விளக்கினால் போதும்.

1982-இல் சேர்ந்த மற்றொரு விதி நம் நெசவாளர் கருதத்தக்கது. படிக்க இயலாத வாக்காளர் தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். ஆனால் அவருக்கு வேலை தரும் முதலாளியோ, முதலாளியின் ஆளோ, அவர் சார்ந்த தொழிற்சங்க நிர்வாகியோ துணையாக வருதல் ஆகாது. நூல் தந்து நெய்விப்பவரே அருகில் நின்றால் அவ்வாக்கு யாருடையது என்பதை நேயர்களே உணர்வர்.

நம் நாடும் இத்துறையில் பின்தங்கியதன்று. 1951-52 பொதுத் தேர்தலில் வாக்காளருள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர். வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் பொறித்த தனிப் பெட்டி வைத்து அவர்களை வாக்களிக்கச் செய்தோம். வாக்காளர் பட்டியலையும் வாக்குச் சீட்டையும் எம்மொழிகளில் அச்சிடுவதென ஆணையிடும் அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு உண்டு.

அத்தகைய நாட்டில் நம் சங்கங்கள் மட்டும் சுவரொட்டியோடு அமைதல் தகுமோ? தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசும் அங்கத்தினர் உள்ள இடங்களில் அறிவிப்பை அவர்தம் மொழியில் கூட்டத்தில் படித்துக் காட்டலாம். தறி வீடுதோறும் ஆளனுப்பி நாளைச் சொல்லலாம். செலவு சிறிதே. பங்குத் தொகை செலுத்திய அங்கத்தினர் எவரும், நாள் கழிந்தபின் வந்து நிற்கும் நிலை இனி நேராதிருக்கட்டும்.