தோட்டத்தில் ஒரு சிறு தடாகம்

இல்லத்தின் பின்புறத்தில் பத்தடி நீளமும் ஆறடி அகலமும் கொண்ட நிலம் மிஞ்சியிருக்குமாயின், அங்கே ஒரு சிறு தடாகம் அமைத்து, தவளை, தட்டான், அணில், குருவி முதலிய சிற்றுயிர்களுக்கு அடைக்கலம் தரலாம்.

நடுவில் இரண்டடி ஆழமும், ஒரு புறத்திலேனும் மெல்லச் சரிந்து கரையோடு கலக்கும் விளிம்பும் அமையுமாறு பள்ளம் தோண்டி, நன்கு மிதித்துக் குழைத்த களிமண்ணை அரையடிக் கனத்துக்கு அப்பிவிட்டால், நீர் எளிதில் கசியாது. அந்தச் சரிவு இல்லையேல், தாகம் தீர்க்க வந்து தவறி விழுந்த அணில், ஏற வழியின்றி மூழ்கிவிடும்.

நிரப்புவதற்கு மழைநீரே உத்தமம்; குழாய்நீராயின், குளோரின் நீங்க இரண்டொரு நாள் வெயிலில் விட்டுவைத்த பின்னர் அல்லிக்கிழங்கை நடுவது நலம்.

கொசு பெருகுமே என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும், தட்டான் நீரில் இடும் முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி, முகத்தின் அடியில் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டைக் கணப்பொழுதில் நீட்டிக் கொசுப்புழுவைக் கவ்விக்கொள்ளும் விசித்திரத்தைக் கண்டால், இயற்கையே நியமித்த காவலன் இவன் என்று தெளிவோம். அக்காவலன் வந்து சேரும் வரையில், வாரம் இருமுறை மெல்லிய துணியால் புழுக்களை அரித்தெடுங்கள்.

அழகுக்கென்று வண்ணமீன்களை விடாதீர்கள். தவளையின் தலைப்பிரட்டைகள் அவற்றுக்கு இரையாகிவிடும். குழந்தைகள் உள்ள வீட்டில் சுற்றிலும் வேலி அவசியம்.

ஐப்பசி மழை ஓய்ந்த இரவில் முதல் தவளை குரல் கொடுக்கும்போது, உங்கள் பிரயாசை பலித்தது என்று அறியலாம்.