உங்களுக்குத் தெரியுமா? – சொல்லில்லாப் படக்கதைகள்

● கற்றலையும் அன்றாடச் செயல்பாட்டையும் இளம்பருவம் முதலே மட்டுப்படுத்தும் நிலை அறிவுசார் குறைபாடு எனப்படும். அக்குறைபாடுடைய பெரியவர்களுக்கென பிரிட்டனின் மனநல மருத்துவர் ஷீலா ஹாலின்ஸ் உருவாக்கிய ‘புக்ஸ் பியாண்ட் வேர்ட்ஸ்’ என்னும் சொல்லில்லாப் படக்கதை வரிசையில், தாய் தந்தையரின் மரணத்தைப் பற்றிய முதல் நூல்கள் 1989இல் வெளிவந்தன.

● மருத்துவரிடம் செல்லுதல், நீதிமன்றத்தில் நிற்றல் போன்ற அனுபவங்களை விவரிக்கும் இந்நூல்களில் உணர்ச்சிகளை முகபாவமும் உடல்மொழியும் வண்ணமும் உணர்த்துகின்றன. படங்கள் அச்சேறும் முன் குறைபாடுடையவர்களிடமே காட்டப்பட்டுத் திருத்தப்படுகின்றன.

● நூலின் இறுதியில் உடனிருந்து உதவுபவருக்கென ஒரு கதைச்சுருக்கம் தரப்பட்டாலும் அது ஒரு பரிந்துரை மட்டுமே. படிப்பவர் தாம் காண்பதைத் தம் போக்கில் சொல்ல, அதுவரை வெளிப்படாத துயரமோ அச்சமோ பேச்சுக்கு வர வழி பிறக்கிறது.

● 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் இக்குறைபாடுடையோர் ஏறத்தாழ 15 லட்சம் பேர் எனப் பதிவு செய்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ காட்சிவழி வெளிப்பாட்டையும் எளிய நடையையும் ‘தகவல் தொடர்பு’ என்பதன் வரையறைக்குள் சேர்த்துள்ளது.

● பெங்களூரின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ இணைய நூலகத்தில் சிறுவர்களுக்கான சொல்லில்லாக் கதைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழும் கன்னடமும் அருகருகே புழங்கும் பெங்களூரின் விவேக் நகர் போன்ற பகுதிகளில் இத்தகைய நூலை மொழிபெயர்ப்பின்றியே எந்த வீட்டிலும் பயன்படுத்தலாம்.