பழைய தராசும் பாக்டீரியாவும்

தட்டுத் தராசு போய் எலக்ட்ரானிக் தராசு வந்தது; பில் மிஷினும் கம்ப்யூட்டரும் வந்தன. பழுதானால் நாம் பழைய இரும்புக்கடையில் போட்டுவிடுகிறோம். அவற்றில் பல கைமாறி, செம்புக்காகத் தீயிலும் அமிலத்திலும் போய்ச் சேருகின்றன. புகை காற்றில் கலக்கிறது. அமிலம் மண்ணில் இறங்குகிறது.

இதற்கு மாற்று உண்டு. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர் போல, உலோகத்தைக் கரைக்க உதவும் நுண்ணுயிரும் உண்டு. 1947-ல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்க நீரில் கண்டறியப்பட்ட அந்தப் பாக்டீரியாவுக்கு இன்று 'அசிடிதியோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ்' என்று பெயர். அமில நீரில் வாழும் இது இரும்பு உப்பை மாற்றுகிறது. மாறிய உப்பு, பொடித்த சர்க்யூட் போர்டிலுள்ள செம்பைக் கரைத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பாக்டீரியா அதை மீண்டும் மாற்றுகிறது. கடையில் போட்ட முதல் சுழல்வது போலத்தான்!

உலை வேண்டாம்; புகையில்லை. ஆனால் நாள் பிடிக்கும். மிஞ்சும் அமில நீரைச் சுத்திகரித்தே ஆக வேண்டும். மின்னணுக் கழிவில் இம்முறை இன்னும் பெரும்பாலும் ஆய்வு நிலையில்தான் உள்ளது.

அதுவரை நாம் செய்யக்கூடியது என்ன? 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, மறுசுழற்சியாளர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அப்படிப் பதிவுபெற்றவரிடமே இவற்றைச் சேர்ப்போம். ஒரு தராசுக்கு வண்டி வைக்க முடியாது. கடைவீதி முழுவதும் சேர்த்துச் சங்கத்தின் மூலம் அனுப்பலாமே! தோல் பதனிடும் கழிவால் கிணற்று நீர் கெட்டதைக் கண்ட ஊர் திண்டுக்கல். எடைக்குக் கிடைக்கும் சில ரூபாயைவிட நமக்குத் தண்ணீர் பெரிது.