லொறியின் பின்பக்கம் தாழ்ந்துவிட்டால்

கற்பிட்டி மணலில் விளையும் வெங்காயமும் மிளகாயும் பாலாவிச் சந்தியைக் கடந்து தம்புள்ளைக்கோ பேலியகொடைக்கோ போய்ச் சேர்ந்தால்தான் நமக்குக் காசு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இந்தக் கரைக்கு வந்த குடும்பங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய லொறியின் விலையும் ஏறியது. ஆகவே கையில் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதே புத்தி.

பின்பக்கம் தாழ்ந்தவுடன், "ஒரு பிளேட்டைக் கூட்டிப் போடு" என்பார்கள். அதற்கு முன் அளந்து பாருங்கள். பாரம் இறக்கிய லொறியைச் சமதரையில் நிறுத்தி, டயர்களின் காற்றைச் சமப்படுத்துங்கள். பின் அக்சிலின் மேற்புறத்திலிருந்து செஸியின் அடிவரை இரு பக்கமும் எவ்வளவு உயரம் என்று அளவுகோலால் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கே ஏதோ ஒரு பிளேட் உடைந்திருக்கக்கூடும். கம்பித் தூரிகையால் மண்ணைத் தேய்த்துவிட்டு, குறுக்காக ஓடும் மெல்லிய துருக்கோட்டைத் தேடுங்கள். பல வெடிப்புகள் அப்படித்தான் கண்ணில் படும். இரு பக்கமும் ஒன்றுபோலத் தாழ்ந்திருந்தால் பிளேட்டுகள் வளைவை இழந்து களைத்துவிட்டன என்று எண்ணலாம்.

இன்னோர் அளவும் உண்டு. முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவரை, இரு பக்கமும் கயிறு பிடித்துப் பாருங்கள். நீளம் வேறுபட்டால் பிளேட்டுகளை ஊடுருவி நிற்கும் நடு போல்ட் அறுந்து, அக்சில் நகர்ந்திருக்கலாம். அத்தகைய லொறி நண்டு போலப் பக்கவாட்டில் இழுத்து ஓடும். அதில் பாரம் ஏற்றவே கூடாது.

இப்போது பிளேட் கூட்டும் கதைக்கு வருவோம். ஒரே தடிப்புள்ள எட்டு பிளேட்டுடன் ஒன்பதாவதைச் சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குதான் கூடும். வளைவு போன மற்ற எட்டும் அப்படியேதான் கிடக்கும். வேறு லொறியின் தடித்த பிளேட்டைச் செருகுவது இன்னும் மோசம். 8 மில்லிமீற்றர் பிளேட்டைவிட, அதே நீள அகலமுள்ள 10 மில்லிமீற்றர் பிளேட் ஏறத்தாழ இரு மடங்கு விறைப்பானது. அது மற்றவற்றோடு இசைந்து வளையாமல், பாரத்தில் பெரும்பங்கைத் தானே தாங்கி முதலில் வெடித்துவிடும்.

காய்ச்சி வளைப்பதையும் ஒட்டுவதையும் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த உருக்கு, தொழிற்சாலையில் சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவாகச் சூடுகாட்டிப் பதம் ஏற்றப்பட்டது. காஸ் சுவாலை பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். வெல்டிங் செய்தால் ஒட்டின் ஓரமே முறியும் இடமாகிறது. ஒருமுறை நான் வந்த லொறியில் மெயின் பிளேட் இப்படி ஒட்டப்பட்டிருந்தது. மாம்புரிக்கு அருகில் அது முறிந்து, அக்சில் ஒரு பக்கம் பின்வாங்கி, லொறி வீதியை விட்டு மணலுக்குள் இறங்கியது. மூடைகளின்மேல் எட்டுப் பேர் இருந்தோம். மணல் என்றபடியால் தப்பினோம்.

சரியான வழி, முழுக்கட்டையும் கழற்றி, அனுபவமுள்ள பட்டறையில் குளிர்நிலையிலேயே வளைவை ஏற்றுவது. குழிந்த பட்டடைமேல் பிளேட்டை வைத்து, நுனிக்கு நுனி நெருக்கமாகச் சம்மட்டியால் அடிப்பார்கள். ஒவ்வொரு பிளேட்டும் மேலுள்ளதைவிடச் சற்று அதிகம் வளைந்திருந்தால்தான் இறுக்கியதும் ஒன்றோடொன்று படியும். இந்த வளைவு புதிய பிளேட்டைப் போல நெடுநாள் நிற்காது என்பதையும் அறிந்திருங்கள். வெடித்ததை அடிக்க வேண்டாம், மாற்றுங்கள். ஒரு பக்கம் செய்தால் மறுபக்கமும் செய்யுங்கள். இல்லாவிட்டால் லொறி சாய்ந்தே நிற்கும்.

நீங்களே கழற்றுவதானால் ஜக்கின் அடியில் அகலப் பலகை போடுங்கள், மணல் அதை விழுங்கும். செஸியைத் தடித்த மரக்குற்றிகளின்மேல் இருத்தாமல் யாரும் அடியில் போகக் கூடாது. நடு போல்ட்டைத் தளர்த்துமுன் பிளேட்டுகளைக் கிளாம்பால் இறுக்கிப் பிடியுங்கள். திடீரென விரிந்தால் விரல் போகும்.

பூட்டும்போது துருவைச் சுரண்டி, பிளேட்டுகளுக்கிடையில் கிரஃபைட் கிறீஸை மெல்லியதாகப் பூசுங்கள். பழைய என்ஜின் ஒயிலை வெளியே அள்ளி ஊற்றும் வழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. மணல் ஒட்டி அரத்தைப் போல அராவும். உப்பு ஏற்றிய நாளில் நல்ல தண்ணீரால் அடிப்பாகத்தைக் கழுவுவது அதைவிடப் பலன் தரும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிளேட் இடுக்கில் வைத்துக்கொள்ளும்.

யூ-போல்ட்டுகள் புதியவையாக இருக்கட்டும். லொறியின் பாரம் சில்லுகளில் இறங்கிய பிறகு அவற்றைக் குறுக்கு மறுக்காக மாறி மாறி இறுக்குங்கள். முதல் சுமை போய் வந்ததும் பிளேட்டுகள் படிந்து நட்டுகள் தளர்ந்திருக்கும். அன்று மாலையே மறுபடி ஒருமுறை இறுக்கிவிட்டு, அடுத்த லோட்டை ஏற்றுங்கள்.