கொரிந்து: பந்தியும் பசியும்

ஆதிக் கிறிஸ்தவர்களின் இராப்போஜனம் பற்றிய இறையியல் எழுத்துகளில் அப்பமும் இரசமும் எதைக் குறிக்கின்றன என்கிற விவாதமே நிறைந்து கிடக்கிறது. யார் வயிறு நிறைந்தது, யார் பசியோடு எழுந்து போனார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கி.பி. 54 வாக்கில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில் தகராறே சாப்பாட்டில்தான்.

அன்று அது துண்டு அப்பமும் ஒரு மிடறு இரசமும் அல்ல, முழு இரவுச் சாப்பாடு. கிரேக்க, ரோமானிய விருந்தின் முறைதான் அதற்கும்: முதலில் உணவு, அப்புறம் மதுவும் பேச்சும். ரோமானிய உணவறையில் மூன்று பக்கமும் சாய்விருக்கைகள்; வழக்கமாக ஒன்பது பேர். யாருக்கு எந்த இடம் என்பதிலேயே அவரவர் மதிப்பு தெரிந்துவிடும். இளைய பிளினி தான் போன ஒரு விருந்தைப் பற்றிக் கடிதம் எழுதியிருக்கிறார். மது மூன்று தரம்: வீட்டுக்காரருக்கும் பிளினி போன்றவர்களுக்கும் ஒன்று, சின்ன நண்பர்களுக்கு ஒன்று, விடுதலை பெற்ற அடிமைகளுக்கு ஒன்று. தன் வீட்டில் எல்லோருக்கும் ஒரே மதுதான் என்று பெருமை வேறு. செலவு கட்டுப்படியாகிறதா என்றால், மாஜி அடிமைகள் குடிப்பதைத் தானும் குடிப்பதால் கட்டுப்படியாகிறதாம்!

கொரிந்து கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடி நிறுவிய குடியேற்றம். குடியேறியவர்களில் பெரும்பகுதி இந்த மாஜி அடிமைகள்தான். அந்த ஊர்ச் சபையில் ஒருவர் பசித்திருக்க, இன்னொருவர் குடித்துக் கிறங்கிக் கிடந்தார். இதை வர்க்கப் பிளவாக வாசித்துக் காட்டியவர் கெர்ட் தைசன், 1970களில். வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டார்கள், வேலை முடிந்து வந்தவர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பது வழக்கமான விளக்கம். ஆனால் பிரதியில் வருகிற கிரேக்க வினைச்சொல்லை 'முந்திக்கொள்' என்றும் படிக்கலாம், வெறுமனே 'தின்று தீர்' என்றும் படிக்கலாம். இரண்டாவது சரியென்றால் யாரும் பிந்தி வரவில்லை. இல்லாதவர் பார்க்கப் பார்க்கவே தின்றிருக்கிறார்கள்.

இல்லாதவர்களை வெட்கப்படுத்துவதா என்று பவுல் அதட்டுகிறார். சரி. தீர்வு? ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். பசித்தால் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கிறவனுக்கு அது சரிதான். இல்லாதவன்? ஏற்றத்தாழ்வு பந்தியை விட்டு வீட்டுக்குள் போயிற்று, அவ்வளவே. பிற்பாடு சடங்கும் சாப்பாடும் தனித்தனியானதற்கு இந்த ஒரு வரியே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது அதற்கு வழிவிட்டது.

அரசுக்கும் இதில் பங்குண்டு. கி.பி. 112 வாக்கில் பித்தினியா ஆளுநர் பேரரசர் டிராஜனுக்கு எழுதுகிறார்: விடியுமுன் கூடிப் பாடிவிட்டுக் கலைந்து, மறுபடி கூடிச் சாதாரண உணவு உண்பார்களாம், சங்கங்களைத் தடைசெய்த தன் ஆணைக்குப் பிறகு அதை நிறுத்திவிட்டதாக விசாரணையில் சொன்னார்களாம். அந்த ஆளுநர் வேறு யாருமில்லை, எல்லோருக்கும் ஒரே மது ஊற்றிய அதே பிளினிதான்.